சாமி போன இடம்

மலையடிவாரத்து மடத்தில் பொன்னுரங்க சாமிக்கு ஒரே ஒரு சீடர். பெயர் திருவாழி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர், வீம்பிலும் மூத்தவர்தான். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்கள் முதலில் அவரிடம்தான் உட்கார்ந்து பேசுவார்கள்.

குளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் வந்து அழுதுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. மடத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. விதியை மீறுகிற ஆளா அவர்? உள்ளுக்குள்ளேயே போட்டுப் புழுங்கினார். அந்தப் புழுக்கம் வேறு பக்கமாக வெளியே வந்தது.

"சாமி, பஸ் ஸ்டாண்டுகிட்ட உளவியல் ஆலோசனைன்னு போர்டு மாட்டியிருக்காங்க, பார்த்தீங்களா?"

"பார்த்தேன், வாத்தியாரய்யா."

"இங்க மட்டுமில்ல, உலகம் பூரா இப்ப இந்தப் படிப்புக்குத்தான் கிராக்கியாம். பள்ளிக்கூடம், பட்டாளம், விளையாட்டு மைதானம், எங்கயும் விடல. ஜனங்களுக்குக் கவலை கூடிப்போச்சா, இல்ல நம்ம மேல நம்பிக்கை குறைஞ்சுபோச்சா?"

சாமி அவருடைய இலையைப் பார்த்தார். சோறு அப்படியே இருந்தது.

"நாளைக்கு என்கூட வாங்க."

மறுநாள் இருவரும் அந்தப் போர்டைத் தேடி நடந்தார்கள். சாமி வாதத்துக்குத்தான் போகிறார் என்று வாத்தியாருக்கு ஒரே குஷி. மடக்குவதற்குத் தோதான கேள்விகளை வழி நெடுக எடுத்துக் கொடுத்தார். சாமி தலையாட்டிக்கொண்டே நடந்தார்.

ஆலோசகர் ஜெசிந்தா சின்னப் பெண். "வாங்க சாமி" என்று பழகினவள்போலக் கூப்பிட்டு, உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெஞ்சில் ஒரு போலீஸ்காரரும் ஒரு கல்லூரிப் பெண்ணும் காத்திருந்தார்கள். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வாத்தியார் துண்டால் முகத்துக்கு விசிறிக்கொண்டே, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாதம் எதுவும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்துச் சாமி வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"மடக்கிட்டீங்களா சாமி?"

"அழுதேன்."

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்களா!"

"போர்டு மாட்டின வாரத்துல இருந்து வர்றேன். ஜனங்க என்கிட்ட இறக்கி வெச்சுட்டுப் போறதை நான் எங்க இறக்கி வைக்க?"

"அப்ப இந்தப் பொண்ணு?"

"அதுக்கு மதுரையில ஒரு அம்மா இருக்காங்களாம். அந்தம்மாவுக்கு லண்டன்ல ஒருத்தர். போன்லயே பேசுவாராம்."

"லண்டன்காரருக்கு?"

"அவருக்கு மட்டும் ஆள் வேண்டாமா?"

சாமி சிரித்தார். வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதன் பின்னாலேயே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. "திருவாழி சார், வாங்க. சாமி உங்க பேரை முன்னாடியே பதிஞ்சு வெச்சிருக்காங்க" என்றாள் ஜெசிந்தா.

வாத்தியார் எழுந்தார். ஆனால் நகரவில்லை. "சாமி, மடத்துல கேட்டதை வெளிய சொல்லக் கூடாதே."

"அந்தத் தாயோட கதையைச் சொல்ல வேண்டாம், வாத்தியாரய்யா" என்றார் சாமி. "உங்களுக்குச் சோறு இறங்கலைல்ல, அதைச் சொல்லுங்க."