கழுத்தளவுத் தண்ணீர்

ஒரு காட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு சுனைதான் இருந்தது. பாறைக்குள் மூன்று படி இறங்கும் சின்னச் சுனை. அதில் மாரப்பன் என்றொரு தவளையும் அவன் மனைவி பாவாயியும் குடியிருந்தார்கள்.

மாரப்பனுக்கு ஒரு குறையும் இல்லை. கொசு வாய்க்கு எட்டும் தூரத்தில் பறந்தது. அந்த வருஷம் நானூறு பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். எல்லாம் இன்னும் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள். இருந்தும் மாரப்பனுக்கு வயிறு எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தது. காரணம், சுனைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அத்திக் கிளையில் வாலைத் தூக்கிக்கொண்டு பாடும் குண்டுகரிச்சான் குருவி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனி மாதம் பாட்டுப் போட்டி நடக்கும். யானையார் தீர்ப்புச் சொல்வார். வென்றவருக்கு மாலையும் கிடையாது, பட்டமும் கிடையாது. சுனையில் முதல் வாய்த் தண்ணீர் அவருக்கு, அவ்வளவுதான். அவர் குடித்த பிறகே மற்றவர்கள் வாய் வைக்கலாம். மூன்று வருஷமாக அந்த முதல் வாய் குண்டுகரிச்சானுக்கே போனது.

"என் வீட்டுத் தண்ணீரை என் கண் முன்னாலேயே குடித்துவிட்டுப் போகிறான், பார்!" என்று மாரப்பன் பொருமினான்.

"ஏனுங்க, அவன் குடிப்பது ஒரு சொட்டு. அதற்காக விடியும் முன்னே எழுந்து தொண்டை நோகப் பழகுகிறான். நீங்கள் வெயில் ஏறிய பிறகுதானே கண்ணையே திறக்கிறீர்கள்?" என்றாள் பாவாயி.

"நீ யார் கட்சி?" என்று மாரப்பன் சீறினான்.

அந்த நேரம் பார்த்து, டவுனில் மொட்டை மாடி மொட்டை மாடியாகத் திரிந்த குப்பாண்டிக் குரங்கு காட்டுக்குத் திரும்பி வந்தான். அவன் கக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதைச் சுனை ஓரத்தில் இறக்கி வைத்துக் கூட்டம் சேர்த்தான்.

"இது பாட்டுக் கட்டும் பெட்டி. டவுனில் இதைச் செயற்கை அறிவு என்கிறார்கள். குயில், மைனா, குருவி என்று பாடினவர் எல்லோருடைய பாட்டையும் கேட்டு வயிற்றில் வைத்திருக்கிறது. இன்ன மாதிரி வேண்டும் என்று சொன்னால் போதும். கண் மூடித் திறப்பதற்குள் புதுப் பாட்டு!"

"பதிலுக்கு என்ன கேட்கும்?" என்றான் மாரப்பன்.

"பெரிதாக ஒன்றும் இல்லை. யோசித்தால் அதற்கு உடம்பு சுடும். மேலே ஒரு குடுவை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரே ஒரு குடுவை."

"பூ, இவ்வளவுதானா! சுனையிலேயே இருக்கிறேன், எனக்கா தண்ணீருக்குப் பஞ்சம்? மழையைப் பற்றி ஒரு பாட்டுப் போடச் சொல். குண்டுகரிச்சான் அதைக் கேட்டுக் கிளையிலிருந்து விழ வேண்டும்!"

பெட்டி உறுமியது. தோசைக்கல் போலச் சுட்டது. குப்பாண்டி சுரைக்குடுவையில் தண்ணீர் மொண்டு ஊற்ற, சொய்யென்று ஆவி கிளம்பியது. பிறகு ஒரு பாட்டு வந்தது. பொய் சொல்லக் கூடாது, நல்ல பாட்டுதான். மாரப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் குண்டுகரிச்சான் கிளையிலிருந்து விழவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு தன் பாட்டைத் தொடர்ந்தான். அதைக் கண்டதும் மாரப்பனுக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது.

"இன்னும் கொஞ்சம் உருக்கமாக!" என்றான். ஒரு குடுவை போனது.

"ஐயய்யோ, இது இழவு வீடு மாதிரி இருக்கிறதே. கொஞ்சம் குறை!" இன்னொரு குடுவை.

"முதலில் வந்ததே தேவலை. அதையே போடு."

"அது போனது போனதுதான், மாரப்பண்ணே. திரும்பவும் புதிதாகத்தான் கட்டும்" என்று குப்பாண்டி மறுபடி மொண்டான்.

மாரப்பன் மட்டுமா? மைனாவின் பாட்டைக் கேட்டுக் கிளிக்குப் பொறுக்கவில்லை. கிளியின் பாட்டைக் கேட்டு நரிக்குப் பொறுக்கவில்லை. நரி பாடி அதுவரை யாரும் கேட்டதில்லை, அதுவும் வரிசையில் நின்றது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "ஒரு குடுவைதானே!"

நாலாம் நாள் பாவாயி வந்தாள். "ஏனுங்க, மேல் படி காய்ந்துவிட்டது."

மாரப்பன் நடுப் படிக்கு இறங்கி உட்கார்ந்து பார்த்தான். "கழுத்து வரை தண்ணீர் நிற்கிறது. எங்கே குறைந்தது?"

பத்து நாள் போனது. நடுப் படியும் வெளியே தெரிந்தது. மாரப்பன் கடைசிப் படிக்கு இறங்கினான். "இப்போதும் கழுத்து வரைதான். நேற்றும் கழுத்து, இன்றும் கழுத்து. சும்மா பயப்படாதே!" என்றான். கழுத்தைப் பார்த்தவன் படியைப் பார்க்கவில்லை.

"நம் பிள்ளைகளுக்கு இன்னும் கால் வரவில்லை. தண்ணீர் வற்றினால் நாமாவது தத்திப் போவோம். அவர்கள் எப்படிப் போவார்கள்?" என்று பாவாயி கேட்டாள்.

"போட்டி முடியட்டும், பாவாயி. ஒரு தரம், ஒரே ஒரு தரம் அவன் தோற்பதை நான் பார்க்க வேண்டும். அப்புறம் அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நம் மாரப்பன் அடுத்தவன் வாயைப் பார்த்தே கெட்டான்.

போட்டி நாள் வந்தது. இலுப்பை மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். மைனா வாயைத் திறக்க, பெட்டி பாடியது. கிளி வாயைத் திறக்க, பெட்டி பாடியது. ஒவ்வொரு பாட்டுக்கும் குப்பாண்டி சுனைக்கு ஓடி ஒரு குடுவை கொண்டு வந்தான். குண்டுகரிச்சான் மட்டும் தன் தொண்டையால் பாடினான். குப்பாண்டி மொண்டு மொண்டு சேறாக்கிய சுனையில், நனைத்துக்கொள்ளச் சொட்டுத் தண்ணீர் கிடைக்காத தொண்டை அது. பாதிப் பாட்டில் கரகரத்து நின்றுவிட்டது.

மாரப்பனுக்கு அப்போதுதான் வயிறு குளிர்ந்தது. முன்னால் தத்தி வந்து தொண்டையை உப்பிக்கொண்டு நின்றான். பெட்டி பாடிய பாட்டில் கூட்டமே சொக்கிப்போனது.

"மாரப்பா, இந்த வருஷம் நீதான்!" என்றார் யானையார். "வா, உன் முதல் வாயைக் குடி. எல்லோருக்கும் தாகமாக இருக்கிறது."

மாரப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே தத்த, காடே பின்னால் சென்றது.

மேல் படி காய்ந்து கிடந்தது. நடுப் படியில் படிந்த சேறு வெடித்திருந்தது. கடைசிப் படிக்குக் கீழே சேறு. சேற்றின் நடுவே ஒரு சின்னக் குட்டை. அதில் நானூறு பிள்ளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தார்கள். தோல் உலர்ந்த பாவாயி வெளியே நின்று, ஒதுங்கிப்போன பிள்ளைகளைக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"குடி, மாரப்பா. இருக்கிற தண்ணீர் இதுதான் போலிருக்கிறது. வழக்கப்படி முதல் வாய் உன்னுடையது" என்றார் யானையார்.

பழக்க தோஷத்தில் மாரப்பன் குட்டையில் உட்கார்ந்து பார்க்கப் போனான். உட்கார இடம் இல்லை. உட்கார்ந்தால் பிள்ளைகள் நசுங்குவார்கள். பாவாயி அவன் பக்கம் திரும்பாமல் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

பின்னாலிருந்து குப்பாண்டி எட்டிப் பார்த்தான். "அட, இன்னும் ஒரு குடுவை தேறும் போலிருக்கிறதே! வெற்றிப் பாட்டு ஒன்று போடட்டுமா?"

"அந்தக் குடுவையைக் கீழே வை!" என்று மாரப்பன் கத்தினான். ஒரு மாதமாகப் பெட்டிக் குரலையே கேட்ட கூட்டம் அவன் சொந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டது. உடைந்து, கட்டையாக வந்தது. "யானையாரே, எனக்கு முதல் வாயும் வேண்டாம், ஒரு வாயும் வேண்டாம். என் பிள்ளைகளை இந்தத் தண்ணீரோடு அள்ளிக்கொண்டு போய் ஆற்றில் விடுங்கள்!"

யானையார் சுரைக்குடுவையால் குட்டையை மெல்ல அள்ளினார். சரியாக ஒரு குடுவை இருந்தது.

ஆறு மலைக்கு அந்தப் பக்கம், ஒரு பகல் நடை. காடு மொத்தமும் காய்ந்த நாக்கோடு நடந்தது. பெட்டியைத் தூக்க யாரும் முன்வரவில்லை. அது பாறையிலேயே கிடந்தது. குண்டுகரிச்சான் மரத்துக்கு மரம் முன்னால் பறந்து, கரகரத்த குரலில் பாடி வழி காட்டினான்.

அந்தக் குரலிலும் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. மாரப்பனுக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது. பிறவிக் குணம் ஒரு நாளில் போகுமா? ஆனால் அண்ணாந்து பார்க்க அவனுக்கு நேரமில்லை. யானையாரின் துதிக்கையில் ஆடிய குடுவையையே பார்த்தபடி சுடுமண்ணில் தத்தினான். அதிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தியபோதெல்லாம் "ஐயோ, தண்ணீர்!" என்று அலறினான்.

நீதி: பொறாமைத் தீயை அணைக்க ஊர் குடிக்கும் தண்ணீரை இறைக்காதே, தீயும் அணையாது, தண்ணீரும் மிஞ்சாது.