மேசையில் தங்காத கோப்பு

பூவரசனூர் எரிவாயுக் குழாய் அனுமதி அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூவருமே தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். வந்த வம்பெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

அலுவலகத் தலைவர் வடமலையப்பனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை: எதிர் மெஸ்ஸில் பிரம்மசக்தி அக்கா ஊற்றும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. அதை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். அக்காவுக்கும் கண் கலங்கியது, விறகுப் புகையில். எரிவாயுக் குழாய் தெருமுனை வரை வந்து நின்றிருந்தது. சாலையைக் குறுக்கே வெட்ட இந்த அலுவலகம் அனுமதி தர வேண்டும். கோப்போ வடமலையப்பன் மேசையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"சார், இந்தப் பொகையில என்னால முடியல. வெள்ளிக்கெழமைக்குள்ள கேஸ் வரலன்னா கடைய அடச்சிட்டு மக வீட்டுக்குப் போயிருவேன்," என்றாள் அக்கா.

வடமலையப்பனுக்கு அன்று சோறே இறங்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டு வாங்கிய சோற்றைச் சொல்கிறேன்.

மறுநாளே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: "அனுமதிகளை விரைவுபடுத்த வேண்டும். எந்தக் கோப்பும் மேசையில் தங்கக் கூடாது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்."

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள்.

"மேசைன்னு ஒண்ணு இருந்தாத்தான சார் அதுல தங்கும்?" என்றார் குமாஸ்தா மாசானம்.

"அதான! தேங்குன தண்ணியக் கொட்டிட்டா கொசு எங்க வரும்?" என்றார் இன்னொரு குமாஸ்தா கோமதிநாயகம்.

மேசைகளை உடைத்தார்கள். நல்ல தேக்கு. அக்காவுக்கும் விறகு தீர்ந்திருந்தது. அன்றைக்குக் குழம்பு பிரமாதமாகக் கொதித்தது.

பாதி உத்தரவு முடிந்தது. மீதிப் பாதிக்காக மாசானம் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்தைச் சுற்றி நடந்தார். சாயங்காலம் கால் வீங்கிவிட்டது.

"கிறுக்கு மாதிரி நடக்கீரே வே," என்றார் கோமதிநாயகம். "டவுன் பஸ் எதுக்கு இருக்கு?"

கோப்புக்கு ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து, டிக்கெட்டும் எடுத்து உட்கார வைத்தார்கள். பஸ் ஊரைச் சுற்றி அலுவலகத்தைக் கடக்கும்போதெல்லாம் வடமலையப்பன் கூடவே ஓடி, ஜன்னலுக்குள் பேனாவை நீட்டிக் கையெழுத்துப் போடப் பார்த்தார். ஒரு தடவை கையெழுத்து ஒரு டீச்சரின் குடையில் விழுந்தது. சாலையை வெட்ட அந்தக் குடைக்கு அன்றே அனுமதி கிடைத்துவிட்டது.

மேலதிகாரி போனில் கேட்டார். "கோப்பு நகருதா?"

"ஜோரா நகருது சார். இப்ப ரயில்வே கேட்டு தாண்டியிருக்கும்."

மேலதிகாரி மனம் குளிர்ந்து பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் அலுவலக வாசலிலேயே மூச்சை விட்டது.

"சார், கோப்பு நின்னுட்டு!" என்று அலறினார் மாசானம்.

மூவரும் பாய்ந்து போய்த் தள்ளினார்கள். பயணிகளும் இறங்கித் தள்ளினார்கள். மாட்டுவண்டி வேகத்தில் பஸ் நகர, வடமலையப்பன் பக்கத்தில் நிதானமாக நடந்துகொண்டே அழகாகக் கையெழுத்துப் போட்டார். அனுமதி கிடைத்துவிட்டது! தெருமுனையில் காத்துக் காத்துச் சலித்திருந்த குழாய்க்காரர்கள் மத்தியானத்துக்குள் அக்காவின் அடுப்படிக்கே குழாயைக் கொண்டுவந்துவிட்டார்கள். வடமலையப்பனும் குமாஸ்தாக்களும் மெஸ்ஸுக்கே ஓடி வந்துவிட்டார்கள்.

"அடுப்பு மேசை மேல இருக்கணும்," என்றார் இணைப்புக் கொடுக்க வந்தவர். "தரையில வச்சா கனெக்ஷன் கிடையாது."

மெஸ்ஸில் தரையில்தான் பந்தி. அலுவலக மேசையின் கடைசிக் கால் அப்போதுதான் குழம்புக்கு அடியில் எரிந்து முடிந்திருந்தது.

வடமலையப்பன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குனிந்தார். "என் முதுகு இருக்குல்லா? வையும்!"

இணைப்புக்காரர் அடுப்பை அவர் முதுகில் ஏற்றினார். இணைப்புக்குக் கையெழுத்து வாங்கத் தான் கொண்டுவந்திருந்த கோப்பையும் பக்கத்திலேயே வைத்தார்.

"சார்! மேசையில கோப்பு தங்குது!" என்று கத்தினார் கோமதிநாயகம்.

வடமலையப்பன் அடுப்பை நினைத்தார். குழம்பை நினைத்தார். ஆனால் உத்தரவு உத்தரவுதானே? அடுப்பை இறக்கச் சொல்லிவிட்டு, கோப்போடு தவழ்ந்து தெருவில் இறங்கினார். பழுது பார்த்த டவுன் பஸ் வந்தது. இரண்டு குமாஸ்தாக்களும் அவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே ஏற்றினார்கள்.

சொன்னது சொன்னதுதான் என்று அக்காவும் கடையைப் பூட்டி, துணிப்பையோடும் குழம்புச் சட்டியோடும் அதே பஸ்ஸில் ஏறினாள்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இவருக்கு டிக்கெட்டா, லக்கேஜா?"

"பாத்தா தெரியலியா? லக்கேஜ் போடும் வே," என்றார் மாசானம்.

பசி நேரம். அக்கா மேசை மேல், அதாவது வடமலையப்பன் மேல், கோப்புக்குப் பக்கத்தில் இலை விரித்தாள். குமாஸ்தாக்கள் இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வெளுத்துக் கட்டினார்கள். புளிக்குழம்பு வாசனை பஸ் முழுக்கக் கமகமத்தது.

"உங்களுக்கும் ஒரு இலை போடட்டுமா சார்? இதான் கடைசிக் குழம்பு," என்றாள் அக்கா.

வடமலையப்பனுக்கு வாயில் எச்சில் ஊறியது, கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் முதுகு அசையாமல் பதில் சொன்னார்.

"என்னக்கா பேசுதீக? மேசை எங்கயாவது சாப்பிடுமா?"