கீழே கேட்ட சத்தம்

ரெஜினாவுக்கு முப்பத்து நான்கு வயது. குருவாக இருக்க அந்த வயது போதாது என்று நினைத்தவர்கள் அவரிடம் வந்ததில்லை. பீளமேட்டில் ஒரு மாடி அறையில், பிளாஸ்டிக் கட்டைகளைக் கோத்து ஓடும் இயந்திர மாதிரிகள் செய்யக் கற்றுத்தந்தார். வருகிறவர்கள் எல்லாம் அவரைவிட மூத்தவர்கள். ஒரு பல் மருத்துவர், ஒரு மில் மேனேஜர். பேரனுக்கு என்று கடையில் பொய் சொல்லிவிட்டுத் தங்களுக்கே பெட்டி வாங்குகிற ஆட்கள்.

தணிகாசலம் அப்படி வந்தவர் அல்ல. அவர் மகன் பரணி ஒரு பெரிய கிரேனைச் செய்யத் தொடங்கி, அடிப்பாகத்தை முடித்த நிலையில், மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். அவன் கை கடைசியாகப் பட்ட பொருள் அது. தூசு தட்டப் போன மனைவியைக்கூட அவர் தொட விடவில்லை. மீதியைத் தானே முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அறுபத்து மூன்று வயதில் இந்த வித்தையைக் கற்க வந்தார். கற்றுக்கொண்டு போய், வீட்டில் தனியாக உட்கார்ந்து மேல்பாகத்தைச் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேனை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

கைப்பிடியைச் சுற்றினால் கொக்கி மேலே ஏற வேண்டும். ஏறவில்லை. அடிப்பாகத்துக்குள்ளிருந்து டிக், டிக் என்று பல்சக்கரம் வழுக்கும் சத்தம்தான் வந்தது.

“பையன் அடியில எங்கியோ தப்புப் பண்ணி வச்சிருக்கறானுங்க டீச்சர். என் கண்ணுக்குச் சிக்க மாட்டேங்குது. நீங்கதான் பாத்துச் சொல்லோணும்.”

ரெஜினா கிரேனைத் தொடவில்லை. சத்தம் கேட்டதும் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார்.

தணிகாசலம் சொன்னார். அடிப்பாகத்தைக் கட்டை கட்டையாகக் கழற்றியிருக்கிறார். கழற்றும் முன் போட்டோ எடுத்து, பெட்டியோடு வந்த படப்புத்தகத்தோடு ஒப்பிட்டு, மகன் விட்டிருந்த இடைவெளிகூட மாறாமல் திரும்பச் சேர்த்திருக்கிறார். ஒன்றும் அகப்படவில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் எதையும் அரைகுறையாகத்தான் செய்வான் என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை; பழக்கதோஷத்தில் சொன்னார். கேட்கக் கஷ்டமாக இருந்தது அதனால்தான்.

“மேல்பாகத்தைக் கழட்டிப் பாத்தீங்களா சார்?”

“அது நான் பண்ணுனதுங்க. புக்கைப் பாத்துத்தான் பண்ணுனேன்.”

“அவரும் அதே புக்கைத்தான பாத்தார்?”

தணிகாசலம் கிரேனை ரெஜினாவின் பக்கம் தள்ளி வைத்தார்.

ரெஜினா இரண்டு பாகங்களையும் இணைக்கும் அச்சை உருவி, மேல்பாகத்தைத் தனியே எடுத்து வைத்தார். அடிப்பாகத்தை அவர் பக்கம் நகர்த்திக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார்.

சுற்றினார். சத்தமே இல்லை. சக்கரங்கள் எல்லாம் சுகமாக ஓடின.

அடுத்து மேல்பாகத்தின் அச்சை விரலால் திருப்பச் சொன்னார். அது அசையவில்லை. அச்சு நழுவாமல் பிடிக்கும் சின்ன வளையத்தைத் தணிகாசலம் சட்டத்தோடு ஒட்ட அழுத்தியிருந்தார். நடுவில் ஒரு நகம் நுழையும் இடம் விட வேண்டும். அந்த வகுப்பில் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரும் பாடம் அது. எல்லோரும் மறப்பதும் அதைத்தான். மேலே இறுகிக்கொண்டால் கீழே இருக்கும் சக்கரம்தான் திணறி வழுக்கும். சத்தமும் அங்கேதான் கேட்கும்.

“கழண்டறக் கூடாதுன்னுதானுங்க இறுக்கி வச்சேன்,” என்றார் தணிகாசலம்.

ரெஜினா வளையத்தைச் சற்றே நெம்பிவிட்டு, இரண்டு பாகங்களையும் சேர்த்துச் சுற்றினார். கொக்கி உச்சிவரை ஏறி நின்றது.

தணிகாசலம் அதைப் பார்க்கவில்லை. அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரணி தன் விரலால் அழுத்திச் சேர்த்த இணைப்பு ஒன்றுகூட இப்போது அதில் இல்லை. எல்லாம் அவர் பிரித்து, அவரே சேர்த்தது.

“அப்போ, பையன் சேத்து வச்சிருந்தது?”

ரெஜினாவுக்கு ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்ல வரவில்லை.

“அது சரியாத்தான் இருந்துச்சு சார்.”