இருவர் வாய் கட்டிய பூக்கூடை

ஆற்றங்கரை ஊரான வேய்ங்காட்டில் வேம்பியார் என்றோர் பெண் அடியார் வாழ்ந்தார். மூங்கிலைப் பிளந்து கூடை முடைவது அவர் தொழில். சந்தைக் கூடையெல்லாம் அப்புறம்தான். விடிந்ததும் முதலில் முடைவது ஈசருக்கான பூக்கூடை. ஐந்தெழுத்தைச் சொல்லியபடியே பிளாச்சுகளைப் பின்னுவார்.

தேய்பிறையில் வெட்டாத மூங்கிலை வண்டு அரித்துவிடும் என்பார்கள் கூடை முடைவோர். சென்ற ஐப்பசியில் தேய்பிறை முடியும் தறுவாய். அக்கரையில் மூங்கில் வெட்டிவர வேண்டும். ஆற்றில் வெள்ளம் ஏறுவதைப் பார்த்துத் தயங்கிய கொழுந்தன் சடையனை, "சாமி கூடைக்குப்பா, போயிட்டு வந்துரு" என்று வேம்பியாரே அனுப்பிவைத்தார். போனவன் திரும்பவில்லை. அவன் மனைவி காத்தாயி அன்றோடு ஓரகத்தியின் முகத்தில் விழிப்பதை நிறுத்திவிட்டாள். அடுத்தடுத்த வீடு, ஆனால் ஒரு வார்த்தை கிடையாது.

ஊர் சும்மா இருக்குமா? "கொழுந்தனைக் காவு குடுத்துல்ல கும்புடுது!" என்று காதுபடவே பேசியது. வேம்பியார் தலைகுனிந்து கூடையோடு கோயிலுக்கு நடப்பார். ஈசர்மேல் அவருக்குத் துளியும் கோபமில்லை. இருந்த கோபமெல்லாம் தம்மீதுதான்.

பங்குனித் திருவிழாவுக்குப் பெரிய கூடை முடைந்தார். பெரிய கூடைக்கு ஒருவர் விளிம்பு வளையத்தை அழுத்திப் பிடித்தால்தான் இன்னொருவர் வாய் கட்ட முடியும். முன்பெல்லாம் பிடிப்பவள் காத்தாயி. இப்போது தனியே முழங்காலால் அழுத்திப் பார்த்தார்; வளையம் தெறித்து உள்ளங்கையைக் கிழித்தது.

"நீ என்னைய எங்க போகச் சொல்றேன்னு புரியுது, சாமி" என்றவர், நேரே போய்க் காத்தாயியின் கதவைத் தட்டினார்.

"தம்பிய வெரட்டுனது நான்தான் காத்தாயி. தப்பு என்னோடதுதான்."

"இத இத்தன நாளா ஏன்க்கா சொல்லல?"

"சாமிகிட்ட தெனமும் சொன்னேன். ஒங்கிட்ட வரத்தான் பயமா இருந்துச்சு."

காத்தாயி வாய்விட்டு அழுதாள். பிறகு அவர் கையின் காயத்தைப் பார்த்தாள். தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டு, "தாலியறுத்தவ தொட்டா சாமிக்கு ஆகாதும்பாங்களே?" என்றாள்.

"சொல்றவங்க சொல்லட்டும். நீ வந்து வளையத்தப் புடி."

திருவிழாவன்று காத்தாயியே கூடையை ஏந்திச் சென்றாள். கூட்டம் முகம் சுளித்தது. அர்ச்சகரும் வாங்கத் தயங்கினார். அப்போது சப்பரத்தில் எழுந்தருளியிருந்த ஈசரின் திருமுடியிலிருந்து கொன்றைச் சரமொன்று நழுவி, காத்தாயியின் கைகள்மேல் விழுந்தது. அர்ச்சகர் கண்கலங்கிக் கூடையை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தமக்கு விழாத அந்தப் பூவைக் கண்டு வேம்பியார் குழந்தைபோல் அழுது சிரித்தார். ஈசர் உவந்த வேம்பியார், காத்தாயியார் இருவர் திருவடிகளுக்கும் நம் வணக்கம்.