பூனை தலை குனிந்த செடி

அந்தக் காலத்தில், மிருகங்களும் செடிகொடிகளும் வாய் திறந்து பேசிய காலத்தில், ஓர் ஆவணி மாதக் காலையில் நாற்பது உயிர்கள் களத்துமேட்டில் கூடி, சாம்பி என்ற பூனைக்கு ஒரு சொல்லைக் கொடுத்தன. 'வீண்' என்பது அந்தச் சொல். எதைப் பார்த்துச் சாம்பி அப்படிச் சொல்கிறதோ, அதை ஊரெல்லைக் குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும்.

அன்றோடு சாம்பிக்குத் தூக்கம் போயிற்று. ஓரிடத்தில் உட்காரக் கால் தரிக்கவில்லை. உமியைக் கண்டால் வீண். சாம்பல் வீண். சாணி வீண். அந்த வருடம் உழாமல் விட்டிருந்த நிலத்தையும் விடவில்லை.

"அக்கா, அது தரிசு. இந்த வருசம் இளைப்பாறுது, அவ்வளவுதான்" என்றது மயிலைக்காளை.

"இளைப்பாறுறதே வீண்" என்றது சாம்பி, நடந்துகொண்டே.

ஐப்பசி மழையில் சாம்பியின் ஒரே குட்டியான பொட்டுவுக்குச் சொறி பிடித்தது. காதில் தொடங்கி முதுகு வரை முடி கொட்டியது. எலியைத் துரத்தும்போது பாதியில் நின்று சொறிந்துகொண்டது; எலி சிரித்துக்கொண்டே போனது. சாம்பி குட்டியை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தது. சேவல் கொண்டையன் போரைக் கிளறிவிட்டது.

"என்னக்கா, உள்ளே என்னமோ சொறியுது?"

"உன் வேலையைப் பாருடா."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். போன மாசம் என் பொண்டாட்டியோட கூமுட்டையைப் பார்த்து என்ன சொன்னே? அவ அழுதா. நீ திரும்பிக்கூடப் பார்க்கலை. இப்ப இதையும் பார்த்துச் சொல்லு."

களமே திரும்பிப் பார்த்தது. குட்டியை மட்டும் விட்டுவிட்டால் சொல் பறிபோகும். அது இல்லாமல் இந்தக் களத்தில் எப்படி நடப்பது என்று சாம்பிக்குத் தெரியவில்லை. வாலைச் சுழற்றியது. மீசையை நக்கியது. பிறகு குட்டியைப் பார்த்து, "வீண்" என்றது.

காகங்கள் பொட்டுவைத் தூக்கிப் போய்க் குப்பைமேட்டில் போட்டன.

அதன்பின் சாம்பி களத்தைச் சுற்றியது, களஞ்சியத்தைச் சுற்றியது, காலியான வைக்கோல் போரையும் சுற்றியது. விடிந்ததும் குப்பைமேட்டுக்கு ஓடியது.

பொட்டு உயிரோடு இருந்தது. யாரும் பெயர் வைத்திராத ஒரு செடி அங்கே மண்டிக் கிடந்தது. அதன் இலைகளில் குட்டி முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"வாடி, போகலாம்."

"வீணானது ஊருக்குள்ள வரக் கூடாதே. நீதானேம்மா சொன்னே?"

"வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"மீசையை நக்கிட்டு, நிதானமாத்தான் சொன்னே."

சாம்பி செடியின் பக்கம் திரும்பியது. "நீ யாரு?"

"உன் ஆள்தான். நீ அனுப்பின சாணி, சாம்பல், கூமுட்டை எல்லாம் தின்னு வளர்ந்த மேனி இது. சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. நல்லா இருப்பே!"

"இவ சொறி ஆறுமா?"

"என் சாறு பட்டா ஆறும். ஆனா நீ அந்தச் சொல்லோட வந்து நின்னா, இவ உன்கூட வர மாட்டா. அதை இங்கேயே துப்பிட்டுப் போ."

பூனை யாருக்கும் தலை குனிந்த இனமல்ல. சாம்பி அங்குமிங்கும் நடந்தது. குட்டி அதைப் பார்க்காமல் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சாம்பி நின்றது. தாடை வேரில் படும்வரை தலையைத் தாழ்த்தி, 'வீண்' என்ற சொல்லை மண்ணில் துப்பியது. பொட்டு எழுந்து வந்து அம்மாவின் கழுத்தை நக்கியது.

கீழே கிடந்த சொல்லை எடுத்துக்கொள்ள எந்த உயிரும் முன்வரவில்லை. வம்பும் பழியும் அலைச்சலும் ஆசையும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன; அதனால்தான் இன்றும் வீண் வம்பு, வீண் பழி, வீண் அலைச்சல், வீண் ஆசை என்கிறோம். தை மாதம் முதல் திங்களன்று, முடி முளைத்த முதுகோடு பொட்டு களத்துக்குத் திரும்பியது.

அன்று முதல்தான் குப்பையில் தழைக்கும் அந்தச் செடிக்குக் குப்பைமேனி என்று பெயர். எந்த அவசரத்தில் போகும் பூனையும் அதன் வேரைக் கண்டால் நின்று தலையைத் தேய்ப்பதால், பூனைவணங்கி என்றும் பெயர்.