செம்பருத்திக்கு வைத்த கேமரா

பாளையங்கோட்டையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே தொட்டிகளில் பூக்கிற செம்பருத்தியெல்லாம் விடிவதற்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"காவலுக்கு இருக்கிற ஜெபமணிதான் பறிக்கிறா. கேமரா வைப்போம். மாட்டினா வேலையை விட்டு அனுப்பிடுவோம்" என்றார் சங்கத் தலைவர் சிங்காரவடிவேல்.

கேமரா கம்பெனிக்காரர் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். "பதிவை இங்கேயே ஒரு பெட்டியில வச்சுக்கலாம். இல்லைன்னா கிளவுட்; பதிவு இன்டர்நெட் வழியா எங்க கம்பெனிக்கே வந்துடும். அதுல எங்க கம்பெனி கம்ப்யூட்டரே பார்த்து, ஆள் நடமாடினா எல்லா வீட்டு போனுக்கும் படம் அனுப்பிடும்."

"பெட்டியே போதும். என் வீட்டிலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கிறேன்" என்றார் தலைவர் அவசரமாக.

கூட்டத்தின் ஓரமாக நின்ற ஜெபமணிக்குப் பூ பறிக்கிற ஆள் யாரென்று தெரியும். ஆனால் அவள் சொல்லி யார் நம்புவார்கள்?

"ஐயா எவ்வளவு பெரிய மனுஷர்! என்னைப் பிடிக்க ஐயா தூக்கம் கெட்டு உட்காரணுமா? கிளவுடே வைங்கய்யா. என் லட்சணத்தை எல்லாரும் பார்க்கட்டும்" என்றாள்.

கூட்டம் கைதட்டியது. தலைவரால் மறுக்க முடியவில்லை. குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை எல்லா வீட்டு போனுக்கும் படம் வந்தது. குல்லாய் போட்ட ஒருவர், கையில் பூக்கூடை. யாரென்று யாருக்கும் பிடிபடவில்லை. அப்போது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் மனைவி எழுதினார்: "செம்பருத்தி போதும். அப்படியே கொஞ்சம் துளசியும் பறிச்சிட்டு வாங்க."

அன்று மாலையே தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். "கிளவுட் ரொம்ப ஆபத்து. பதிவு வெளியே போகக் கூடாது. பெட்டிதான் நல்லது."

கூட்டம் உடனே ஒப்புக்கொண்டது. பெட்டியை ஜெபமணியின் காவல் அறையில் வைத்தார்கள்.