கணக்கு பலித்த கிணறு

பூச்சிமருந்துக் கேன் ஒன்று ஊர்க்கிணற்றில் விழுந்து உடைந்த நாள் முதல் கிணற்றின் கம்பி மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி சிகாமணியிடம்.

சிகாமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆலையில் பாய்லர் பார்க்கும் இரவு வேலைக்கு நடுவே வேதியியலைத் தானாகவே படித்தவர். மண்ணிலும் நீரிலும் சேர்ந்த மருந்துகள் எப்படி உடைந்து போகும் என்று முன்கூட்டியே கணிப்பவர் மெஹருன்னிசா. அவரிடம் சிகாமணி மாணவராகச் சேர்ந்திருந்தார். குரு வயதில் இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

ஆடி முடிவதற்குள் மருந்து முழுக்க உடைந்துவிடும் என்று கணக்குப் போட்டார் சிகாமணி. ஊருக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். ஆடி முடிந்தது. கிணற்று நீரைச் சோதித்த ஆய்வகத்து மெஷின் மருந்து துளியும் இல்லை என்றது.

அன்றே கிணற்றைச் சுற்றி ஊர் கூடிவிட்டது.

"தண்ணி லாரி வந்து ஒரு வாரமாச்சு" என்றாள் ராக்கு, காலிக் குடம் இடுப்பில் இருக்க. "பிள்ளைக நாக்கு வறண்டு கிடக்குதுக."

"திறக்கிறீகளா, உடைக்கவா?" என்றான் கடப்பாரையோடு நின்றவன்.

சிகாமணி திறந்தார். வாளியில் வந்த தண்ணீர் பளிங்காக இருந்தது.

"கணக்குப் போட்டவுக முதல்ல குடிக்கட்டும்" என்றான் அவன். "நாங்க அப்புறமா சாகுறோம்."

யாரும் சிரிக்கவில்லை. சிகாமணி செம்பில் மொண்டு வாயருகே கொண்டுபோனார். பக்கத்தில் நின்ற மெஹருன்னிசா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என் கணக்குல நம்பிக்கை இல்லையா மேடம்?"

"கணக்கு சரி."

"மெஷின்?"

"அதுவும் சரி."

"அப்ப கையை விடுங்க."

அவர் விடவில்லை. ராக்குவின் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல பால் இருக்காம்மா? டீ குடிக்கணும் போல இருக்கு."

"கிணத்தடியில வந்து டீ கேக்குறீக. நல்ல கூத்து" என்றாள் ராக்கு. "பால் இல்லை. ராத்திரியே உறை ஊத்தியாச்சு."

"பானை காலிதானே அப்ப?"

"காலியா எப்படி இருக்கும்? தயிருல்ல இருக்கு."

மெஹருன்னிசா சிகாமணியைப் பார்த்தார். "மெஷினை எதைத் தேடச் சொன்னீங்க அண்ணே?"

"கேன்ல இருந்த மருந்தை."

"அது உடைஞ்சு என்னவா ஆச்சோ, அதை?"

தன் கணக்கு பலித்த சந்தோஷத்தில் அதைத் தேட சிகாமணிக்குத் தோன்றவே இல்லை. செம்பு மெல்லத் தாழ்ந்தது.

"தயிர் நல்லதுதானே மேடம்" என்றார், பிடி தேடுகிறவர் போல.

"தயிர்னு தெரியும். அதனால நல்லதுன்னு சொல்றோம்."

கடப்பாரை மூடியில் ஒரு தட்டுத் தட்டியது. "என்ன குசுகுசுப்பு? குடிக்கலாமா, கூடாதா?"

"மருந்து போயிடும்னு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார் சிகாமணி. "இவங்க முகத்தைப் பார்த்து இப்ப என்ன மேடம் சொல்ல?"

மெஹருன்னிசா மணிக்கட்டை விட்டார். செம்பை வாங்கிக்கொண்டு, பூட்டை அவர் கையில் வைத்தார்.

"போயிடுச்சுன்னே சொல்லுங்க அண்ணே. கிணத்தை விட்டுப் போகலைங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க."